மால்டாவுக்குக் கிடைத்த நாற்காலி

2003 மார்ச் 9, ஞாயிற்றுக்கிழமை. ஐரோப்பிய ஒன்றியத்தில் சேரலாமா என்று மால்டா மக்களிடம் முந்தின நாள் நடத்திய வாக்கெடுப்பின் முடிவு வந்தது. சேரலாம் என்றவர்கள் 1,43,094 பேர். வேண்டாம் என்றவர்கள் 1,23,628 பேர். சதவீதத்தில் 53.65-க்கு 46.35. வெற்றி பெற்றவர்கள் தெருவில் இறங்கிக் கொண்டாடினார்கள். அதில் வியப்பு ஒன்றுமில்லை. ஆனால் 'வேண்டாம்' என்று பிரசாரம் செய்த தொழிலாளர் கட்சியின் ஆதரவாளர்களும் காரை எடுத்துக்கொண்டு ஹார்ன் அடித்தபடி ஊர்வலம் போனார்கள். ஒரே முடிவுக்கு இரண்டு வெற்றி விழா.

அவர்கள் கட்சித் தலைவர் ஆல்ஃப்ரெட் சான்ட் போட்ட கணக்கு இதுதான். வாக்காளர் பட்டியலில் இருப்பவர்கள் சுமார் 2,98,000 பேர். அதில் 'ஆம்' போட்டவர்கள் 48 சதவீதம். 'வேண்டாம்' என்று போட்டவர்கள், செல்லாத வாக்கு போட்டவர்கள், வீட்டிலேயே இருந்தவர்கள் எல்லோரையும் கூட்டினால் 52 சதவீதம். ஆகவே நாடு 'ஆம்' சொல்லவில்லை. வாக்கெடுப்புக்கு முன்பே சான்ட் தன் ஆட்களிடம் 'வேண்டாம்' போடுங்கள், இல்லையென்றால் வாக்கைச் செல்லாததாக்குங்கள், அதுவும் இல்லையென்றால் போகவே போகாதீர்கள் என்று மூன்று வழி சொல்லி வைத்திருந்ததற்குக் காரணம் இந்தக் கூட்டல்தான்.

கேட்டால் சிரிப்பு வரும். ஆனால் மால்டாவில் இந்தக் கணக்குக்கு ஒரு பரம்பரை உண்டு. அதை விட்டுவிட்டு 2003-ஐப் புரிந்துகொள்ள முடியாது.

பழைய வாக்கெடுப்பு ஒன்று

மால்டா மத்தியதரைக் கடலில் சிசிலிக்குத் தெற்கே இருக்கும் தீவுக்கூட்டம். மொத்தப் பரப்பு 316 சதுர கிலோமீட்டர். பெரிய தீவின் நீளமே ஏறத்தாழ 27 கிலோமீட்டர்தான். ஒன்றரை நூற்றாண்டுக்கு மேல் பிரிட்டிஷ் ஆட்சியில் இருந்தது. கடற்படைத் தளமும் கப்பல் பட்டறையும்தான் பெரிய பிழைப்பு.

1956 பிப்ரவரியில், அப்போதைய பிரதமரும் தொழிலாளர் கட்சித் தலைவருமான டொம் மின்டோஃப் ஒரு விசித்திரமான கேள்வியோடு மக்களிடம் போனார். மால்டாவை பிரிட்டனோடு ஒரேயடியாக இணைத்துவிடலாமா? லண்டன் நாடாளுமன்றத்தில் மால்டாவுக்கு மூன்று இடங்கள் கிடைக்கும் என்பது திட்டம். வாக்களித்தவர்களில் 77 சதவீதம் பேர் சரி என்றார்கள். ஆனால் தேசியவாதக் கட்சி புறக்கணித்தது, கத்தோலிக்கத் திருச்சபையும் எதிர்த்தது. 59 சதவீதம் பேர்தான் சாவடிக்கே வந்தார்கள். மொத்த வாக்காளரில் 'ஆம்' பாதியைக்கூடத் தொடவில்லை என்று எதிர்த்தவர்கள் வாதிட்டார்கள். பிரிட்டனும் தயங்கியது, திட்டம் படுத்துவிட்டது. எட்டு வருடம் கழித்து, 1964-இல், மால்டா தனி நாடானது.

ஆக, வராதவர்களை எண்ணும் வித்தையை முதலில் கையில் எடுத்தது தேசியவாதக் கட்சி. 47 வருடம் கழித்து அதே கட்சி ஆட்சியில் இருந்தபோது, அதே வித்தையைத் தொழிலாளர் கட்சி திருப்பிப் போட்டது. பெரிய வல்லரசோடு சேர்ந்து கொள்வதா, தனியாக நிற்பதா என்ற கேள்வியில் இரண்டு கட்சிகளும் அரை நூற்றாண்டில் இடம் மாறி உட்கார்ந்திருந்தன. இதைக் கொள்கை மாற்றம் என்று மட்டும் சொல்லிவிட முடியாது. மால்டாவில் கட்சி என்பது பிறப்பால் வருவது. எந்தக் குடும்பம் எந்தக் கட்சி என்பது ஊருக்கே தெரியும். ஊர்தோறும் கட்சி மன்றங்கள், இரண்டு கட்சிக்கும் சொந்தமாகத் தனித்தனித் தொலைக்காட்சி. பொதுத் தேர்தலில் 95 சதவீதம் வாக்குப்பதிவு அந்தக் காலத்தில் அங்கே சாதாரணம். இப்படிப்பட்ட ஊரில் ஐரோப்பாவைப் பற்றிய கேள்வியும் 'நீ நம்ம ஆளா, அவங்க ஆளா' என்ற கேள்வியாகத்தான் முடியும்.

கல்லாப்பெட்டியும் படகுத்துறையும்

1990 ஜூலை 16 அன்று மால்டா உறுப்பினர் விண்ணப்பம் போட்டது. பிரதமர் எடி ஃபெனெக் ஆடாமி, தேசியவாதக் கட்சி. ஐரோப்பாவுக்குத் தயாராக வேண்டும் என்றால் வரி முறையை மாற்ற வேண்டும், ஆகவே 1995 ஜனவரியில் மதிப்புக் கூட்டு வரி வந்தது. அதுவரை சின்ன நோட்டுப் புத்தகத்தில் கணக்கெழுதிய கடைக்காரர்கள் இனி வரி இலாகா ஏற்ற கல்லா இயந்திரம் வாங்கி வைத்து ஒவ்வொரு விற்பனைக்கும் ரசீது கிழிக்க வேண்டும். ஐரோப்பா என்ற தொலைதூர விஷயம் மால்டாக்காரர்களின் கைக்கு முதலில் வந்து சேர்ந்தது அந்த ரசீதாகத்தான். எரிச்சல் பரவியது. வரியை எடுப்போம், விண்ணப்பத்தை நிறுத்துவோம் என்று சொல்லி 1996 அக்டோபரில் சான்ட் ஜெயித்தார். சொன்னபடி விண்ணப்பம் முடக்கப்பட்டது. 1997-இல் அந்த வரியும் போனது.

ஆனால் சான்ட்டுக்கு இருந்தது ஒரே ஒரு இடப் பெரும்பான்மை. அந்த ஒரு இடத்தில் உட்கார்ந்திருந்தவர் யார் என்றால், பழைய மின்டோஃப். எண்பது வயதைத் தாண்டியும் நாடாளுமன்றத்தை விடாதவர். பெருந்துறைமுகத்தின் கரையில் உள்ள கொட்டொனேரா பகுதிதான் அவர் பிறந்து வளர்ந்த மண், அவருடைய கோட்டை. அங்கே உல்லாசப் படகுகளுக்கு ஒரு துறை கட்டுவதற்காகப் பொது நிலத்தைத் தனியாருக்குக் கொடுக்கும் தீர்மானத்தை 1998 ஜூலையில் சான்ட் கொண்டு வந்தார். மின்டோஃப் எதிர்த்து வாக்களித்தார். சான்ட் அதை நம்பிக்கை வாக்கெடுப்பாக அறிவித்திருந்ததால் அரசு கவிழ்ந்தது. செப்டம்பர் 5 தேர்தலில் தேசியவாதக் கட்சி திரும்ப வந்தது. முடங்கிக் கிடந்த விண்ணப்பம் தூசி தட்டப்பட்டது, வரியும் 1999 ஜனவரியில் திரும்பி வந்தது.

மின்டோஃப் ஐரோப்பிய ஒன்றியத்தை ஆதரித்தவர் அல்ல. அதற்கு எதிராகத் தனி இயக்கமே நடத்தியவர். அவர் கோபப்பட்டது ஒரு படகுத்துறைக்காக. அவர் அன்று கையைத் தூக்காமல் இருந்திருந்தால் 2004-இல் ஒன்றியம் பத்து நாடுகளைச் சேர்த்துக்கொண்ட விரிவாக்கத்தில் மால்டா இருந்திருக்காது என்பது என் கணிப்பு. பேச்சுவார்த்தையைத் தொடங்க வேண்டிய வருடங்கள் அவை. இன்னும் இரண்டு வருடம் போயிருந்தால் வண்டி கிளம்பியிருக்கும்.

என்ன பேசி வாங்கினார்கள்

2000 பிப்ரவரியில் தொடங்கிய பேச்சுவார்த்தை 2002 டிசம்பரில் கோபன்ஹேகனில் முடிந்தது. மால்டா அளவில் குட்டி என்றாலும் அது கேட்டு வாங்கிய விதிவிலக்குகளின் பட்டியல் நீளமானது. உள்ளூர் அரசியல் பயத்தை அந்தப் பட்டியலில் வரிக்கு வரி படிக்கலாம்.

பணக்கார ஐரோப்பியர்கள் வந்து வீடெல்லாம் வாங்கிவிடுவார்கள் என்ற பயம் இருந்தது. ஆகவே மால்டாவில் ஐந்து வருடம் தொடர்ந்து வசிக்காத ஒன்றியக் குடிமக்கள் இரண்டாவது வீடு வாங்க அனுமதி பெற வேண்டும் என்று ஒரு தனி நெறிமுறை வந்தது. இதற்குக் காலக்கெடு கிடையாது, நிரந்தரம். கருக்கலைப்புச் சட்டத்தில் ஒன்றியத்தின் தலைமையகமான பிரஸ்ஸல்ஸ் கை வைத்துவிடும் என்று கத்தோலிக்கர்கள் கவலைப்பட்டார்கள். அதற்கும் ஒரு நெறிமுறை. சிசிலியிலிருந்து ஆட்கள் கூட்டமாக வந்து வேலையைப் பறிப்பார்கள் என்று தொழிலாளர் கட்சி சொன்னதால் ஏழு வருடத்துக்குத் தடுப்புப் போடும் உரிமை. நாட்டின் நடுநிலைமைக்குப் பங்கம் வராது என்று ஒப்பந்தத்தோடு இணைத்த ஓர் அறிக்கை. கரையிலிருந்து 25 கடல் மைல் வரை மீன்பிடிப்பை முக்கியமாகச் சிறு படகுகளுக்கே ஒதுக்கும் ஏற்பாடு. உணவுக்கும் மருந்துக்கும் வரி இல்லை என்பதை 2010 வரை நீட்டித்தார்கள். நஷ்டத்தில் ஓடிய கப்பல் பட்டறைக்கு 2008 வரை மானியம் கொடுக்கலாம்.

பறவை வேட்டை தனிக் கதை. ஆப்பிரிக்காவிலிருந்து ஐரோப்பாவுக்குப் போகும் பறவைகள் வசந்த காலத்தில் மால்டா வழியாகப் பறக்கும். காட்டுப்புறாவையும் காடையையும் அப்போது சுடுவது அங்கே பலருக்கு வெறும் பொழுதுபோக்கு அல்ல, அப்பன் பாட்டன் காலத்துப் பழக்கம். ஒன்றியத்தின் விதிப்படி குஞ்சு பொரிக்கப் போகும் பறவையை வசந்தத்தில் சுடக் கூடாது. ஆனால் விதிக்குள் ஒரு விலக்குப் பிரிவு உண்டு, அதைப் பயன்படுத்திக்கொள்ளலாம் என்று அரசு வேட்டைக்காரர்களுக்கு நம்பிக்கை கொடுத்தது. 2009 செப்டம்பரில் ஐரோப்பிய நீதிமன்றம், 2004 முதல் 2007 வரை மால்டா அனுமதித்த வசந்த வேட்டை விதிமீறல் என்று தீர்ப்பளித்தது. அதன் பிறகு கெடுபிடியான கட்டுப்பாடுகளோடு கொஞ்சம் கொஞ்சமாக அனுமதித்தார்கள். 2015 ஏப்ரலில் உள்நாட்டு ஆர்வலர்களே கையெழுத்துத் திரட்டி வாக்கெடுப்பு கொண்டு வந்தார்கள். வேட்டை தொடரட்டும் என்ற பக்கம் 50.4 சதவீதத்தில் தப்பியது. இரண்டு பெரிய கட்சித் தலைவர்களும் வேட்டைக்காரர்கள் பக்கம் நின்றார்கள். அதில் ஒருவர் சைமன் புசுட்டில், 2003-இல் ஐரோப்பிய ஒன்றியத்தைப் பற்றி மக்களுக்கு விளக்கம் சொன்ன அரசு மையத்தின் தலைவர்.

நான்கு நாள் இடைவெளி

சரி, மார்ச் 9-க்கு வருவோம். வாக்கெடுப்பு அரசைக் கட்டுப்படுத்தாது, ஆலோசனை மட்டுமே. சான்ட்டின் 48 சதவீதக் கணக்கை அப்படியே விட்டால் கையெழுத்துப் போடும்போதே சர்ச்சை. ஃபெனெக் ஆடாமி உடனே பொதுத் தேர்தலை அறிவித்தார். ஏப்ரல் 12. பொதுத் தேர்தலில் வராதவர்களை எந்தப் பக்கமும் சேர்த்து எண்ண முடியாது, சான்ட்டின் கூட்டல் அங்கே செல்லாது. தேசியவாதக் கட்சி 51.8 சதவீதம், 35 இடங்கள். தொழிலாளர் கட்சி 47.5 சதவீதம், 30 இடங்கள். நான்கே நாளில், ஏப்ரல் 16 அன்று, ஏதென்ஸில் பழைய அட்டாலோஸ் மண்டபத்தில் சேரும் பத்து நாடுகளும் சேர்க்கை ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டன.

அந்த வருடம் ஒன்பது நாடுகள் வாக்கெடுப்பு நடத்தின. சைப்ரஸ் மட்டும் நடத்தவில்லை. ஒன்பதில் முதலில் நடத்தியது மால்டா, மிகக் குறைந்த 'ஆம்' சதவீதமும் மால்டாவில்தான். வாக்குப்பதிவோ 90 சதவீதத்துக்கு மேல். ஹங்கேரியில் பாதிப் பேர்கூட வாக்களிக்க வரவில்லை. மற்ற இடங்களில் ஐரோப்பா ஒரு சடங்கு போல நடந்தது. மால்டாவில் மட்டும்தான் அது நிஜமான சண்டை.

எதிர்த்தவர்கள் எங்கே போனார்கள்

இந்த நிகழ்வில் என்னை அதிகம் யோசிக்க வைப்பது வாக்கெடுப்பு அல்ல, அதற்குப் பின் நடந்ததுதான். 46 சதவீதம் பேர் எதிர்த்த ஒரு விஷயம், இரண்டரை வருடத்துக்குள் எதிர்ப்பே இல்லாத விஷயமாக ஆகிவிட்டது. 2005 ஜூலையில் ஐரோப்பிய அரசியலமைப்பு ஒப்பந்தம் மால்டா நாடாளுமன்றத்துக்கு வந்தபோது இரண்டு கட்சியும் சேர்ந்து ஒருமனதாக ஏற்றன. பிரான்ஸும் நெதர்லாந்தும் அதே ஒப்பந்தத்தை வாக்கெடுப்பில் நிராகரித்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது.

ஆட்களைப் பார்த்தால் விஷயம் இன்னும் பளிச்சென்று தெரியும். ஜோசப் மஸ்கட் என்ற இளம் பத்திரிகையாளர் தொழிலாளர் கட்சித் தொலைக்காட்சியில் ஒன்றியத்துக்கு எதிரான நிகழ்ச்சி நடத்தியவர். 2004 ஜூனில் ஐரோப்பிய நாடாளுமன்றத்துக்கு முதல் தேர்தல் வந்தது. மால்டாவுக்கு ஐந்து இடங்கள், அதில் மூன்றைத் தொழிலாளர் கட்சி வென்றது. வென்ற மூவரில் மஸ்கட் ஒருவர். பிரஸ்ஸல்ஸில் நான்கு வருடம் இருந்து, 2008-இல் கட்சித் தலைவராகத் திரும்பி, 2013-இல் பிரதமரானார். அப்புறம் சான்ட்? 52 சதவீதக் கணக்குப் போட்ட அதே சான்ட் 2014-இல் ஐரோப்பிய நாடாளுமன்ற உறுப்பினராகி, பத்து வருடம் அங்கே இருந்தார்.

இதைச் சந்தர்ப்பவாதம் என்று சொல்லிக் கடந்து போகலாம். அது கொஞ்சம் இருக்கத்தான் செய்யும். ஆனால் ஒன்றியத்தில் கிடைத்த நாற்காலி செய்யும் வேலை வேறு. ஜெர்மனியில் 8 கோடிக்கு மேல் மக்கள், ஐரோப்பிய நாடாளுமன்றத்தில் 96 இடங்கள். மால்டாவில் இன்று ஐந்தரை லட்சத்துக்கு மேல் மக்கள், 6 இடங்கள். ஜெர்மனியில் சுமார் 8,70,000 பேருக்கு ஓர் உறுப்பினர், மால்டாவில் 90,000 சொச்சம் பேருக்கு ஒருவர். ஒன்றியத்தின் நிர்வாக அமைப்பான ஐரோப்பிய ஆணையத்தில் ஒவ்வொரு நாட்டுக்கும் ஒரு கமிஷனர், அது மால்டாவுக்கும் உண்டு. சுழற்சி முறையில் வரும் ஆறு மாதத் தலைமை 2017-இல் மால்டாவின் தலைநகர் வலெட்டாவுக்கு வந்தது. மால்டிய மொழி ஒன்றியத்தின் ஆட்சி மொழிகளில் ஒன்று. மொழிபெயர்ப்பாளர்கள் போதவில்லை என்று முதல் மூன்று வருடம் எல்லாச் சட்டங்களையும் மொழிபெயர்க்க வேண்டாம் என விலக்குக் கொடுக்க வேண்டியிருந்தது என்பது வேறு விஷயம். 2022 ஜனவரி முதல் ஐரோப்பிய நாடாளுமன்றத்தின் தலைவரே மால்டாக்காரர், ராபர்ட்டா மெட்சோலா. சிறு நாட்டு அரசியல்வாதிக்கு இப்படி ஒரு மேடை வேறு எங்கே கிடைக்கும்? எதிர்த்தவர்களைக் கரைத்தது வாதமல்ல, அந்த மேடைதான்.

ஆனால் நாற்காலி எல்லா இடத்திலும் பலிக்கவில்லை. அகதிகள் விஷயத்தில் கிட்டத்தட்ட பலிக்கவே இல்லை. லிபியாவிலிருந்து வரும் படகுகள் கடக்கும் கடலில், தன் நிலப்பரப்பைப் போல எண்ணூறு மடங்கு பெரிய பகுதியில் தேடி மீட்கும் பொறுப்பு மால்டாவுடையது. முதலில் கால் வைத்த நாடே தஞ்சக் கோரிக்கையை விசாரிக்க வேண்டும் என்பது பொதுவான விதி. சுமையைப் பகிர்ந்துகொள்ளுங்கள் என்று மால்டா வருடக்கணக்காகக் கேட்டது. கிடைத்ததெல்லாம் தற்காலிக ஏற்பாடுகள்தான். 2019 செப்டம்பரில் ஜெர்மனி, பிரான்ஸ், இத்தாலியோடு ஓர் அறிக்கையில் கையெழுத்தானது. இடம் பிர்கு, மின்டோஃப் சண்டை போட்ட அதே கொட்டொனேரா கரை. கட்டாயம் எதுவும் இல்லாத அறிக்கை. மால்டாவும் சும்மா இருக்கவில்லை. படகுகளைத் துறைமுகத்துக்குள் விடாமல் கடலிலேயே காக்க வைத்ததற்காக மனித உரிமை அமைப்புகள் அதைக் கடுமையாகக் கண்டித்தன.

நாற்காலியை விற்றபோது

2013-இன் இறுதியில் மஸ்கட் அரசு ஒரு சட்டம் கொண்டு வந்தது. 6,50,000 யூரோ அரசுக்குக் கொடுத்து, அதோடு சொத்திலும் பத்திரத்திலும் முதலீடு செய்தால் மால்டா குடியுரிமை. காகிதத்தில் மால்டா பாஸ்போர்ட். வாங்குகிறவர் உண்மையில் வாங்குவது 28 நாடுகளில் (இப்போது 27) வாழவும் தொழில் செய்யவும் உரிமை. மால்டா என்ற தீவில் அவருக்கு என்ன வேலை? பலர் ஒரு வாடகை வீட்டைக் காட்டிவிட்டுத் தங்கவே இல்லை என்ற குற்றச்சாட்டு திரும்பத் திரும்ப வந்தது.

இந்த வியாபாரத்தையும் அரசின் வேறு ஊழல்களையும் பற்றி எழுதி வந்த பத்திரிகையாளர் டாஃப்னி கருவானா கலிசியா 2017 அக்டோபர் 16 அன்று வீட்டருகே கார் குண்டில் கொல்லப்பட்டார். விசாரணை பிரதமர் அலுவலகம் வரை நெருங்கியதில் எழுந்த போராட்டங்களால் மஸ்கட் 2020 ஜனவரியில் பதவி விலகினார். 2021 ஜூனில் பணமோசடித் தடுப்புக்கான சர்வதேச அமைப்பு மால்டாவைச் சாம்பல் பட்டியலில், அதாவது கூடுதல் கண்காணிப்பில் வைக்கும் நாடுகளின் பட்டியலில், சேர்த்தது. ஒன்றிய உறுப்பு நாடு ஒன்று அந்தப் பட்டியலுக்குப் போனது சின்ன அவமானமில்லை. ஒரு வருடம் கழித்துத்தான் வெளியே வர முடிந்தது.

பாஸ்போர்ட் விற்பனையை எதிர்த்து ஐரோப்பிய நீதிமன்றத்தில் நடந்த வழக்கு 2025 ஏப்ரல் 29 அன்று முடிந்தது. குடியுரிமை கொடுப்பது அந்தந்த நாட்டின் உரிமை என்று மால்டா வாதிட்டது. ஐரோப்பிய நீதிமன்றத்துக்கு ஆலோசனை சொல்லும் சட்ட அதிகாரி மால்டா பக்கம்தான் கருத்துச் சொல்லியிருந்தார். நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. உண்மையான உறவு எதுவும் இல்லாமல் பணத்துக்குக் குடியுரிமை கொடுப்பது ஒன்றியக் குடியுரிமையைச் சரக்காக்குவது, உறுப்பு நாடுகள் ஒன்றை ஒன்று நம்புவதற்கே விரோதமானது என்று தீர்ப்பு. மால்டா சட்டத்தைத் திருத்த வேண்டியதாயிற்று.

2003-இல் 'வேண்டாம்' பக்கம் எச்சரித்தது, ஐரோப்பா வந்து மால்டாவை விழுங்கிவிடும் என்று. வேலைச் சந்தையைப் பொறுத்தவரை அந்தப் பயம் ஒரு வகையில் உண்மையானது. 2005 கணக்கெடுப்பில் சுமார் 4,05,000 ஆக இருந்த மக்கள்தொகை 2021-இல் 5,19,562. அதில் ஐந்தில் ஒருவருக்கு மேல் வெளிநாட்டவர், அவர்களில் இத்தாலியரே முதலிடம். ஆனால் வேலை போய்விடவில்லை, வேலைக்கு ஆள் போதாமல் இந்தியா, நேபாளம், பிலிப்பைன்ஸ் வரை தேட வேண்டி வந்தது. தண்ணீர், போக்குவரத்து, வாடகை என்று இட நெருக்கடிதான் இப்போது புலம்பல். பாஸ்போர்ட் விஷயத்தில் நடந்ததோ நேர்மாறு. குட்டி நாடுதான் ஒன்றியத்தின் பொதுச் சொத்தை எடுத்துக் கடை விரித்தது.

அடுத்த இழுபறி வரியில். மால்டாவில் நிறுவன வரி 35 சதவீதம், ஆனால் பங்குதாரருக்கு அதில் ஏழில் ஆறு பங்கு வரை திருப்பிக் கொடுப்பதால் கைக்கு வரும் வரி ஏறத்தாழ 5 சதவீதம். பெரிய நாடுகளுக்கு இது பல காலமாக உறுத்தல். ஒன்றியத்தில் வரி தொடர்பான முடிவுக்கு எல்லா நாடுகளும் ஒத்துக்கொள்ள வேண்டும் என்பதால் மால்டாவின் ஒரு கை போதும், தீர்மானம் நிற்கும். பெரிய பன்னாட்டு நிறுவனங்களுக்குக் குறைந்தது 15 சதவீதம் என்ற விதியை 2022 டிசம்பரில் ஒருமனதாக ஏற்றபோதுகூட, அத்தகைய நிறுவனங்களின் தலைமையகம் பன்னிரண்டுக்கு மேல் இல்லாத நாடுகள் ஆறு வருடம் தள்ளிப்போடலாம் என்று ஒரு பிரிவு இருந்தது. மால்டா அதைப் பிடித்துக்கொண்டது. அந்தத் தவணை 2029 இறுதியில் முடிகிறது.